பிள்ளையின் வயதை வைத்து ஒரு கணக்கு: ராணுவ மருத்துவக் கல்லூரியா, உதவித்தொகையா, கடனா?

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மூன்று கோடுகள் போட்டேன். முதல் கோட்டுக்குப் 'பெத்தெஸ்டா' என்று பெயர். இரண்டாவதுக்கு 'உதவித்தொகை', மூன்றாவதுக்குக் 'கடன்'. முதலில் டாலர் கணக்கைத்தான் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதையெல்லாம் அடித்துவிட்டு, அந்தந்த ஆண்டில் என் மகளுக்கு என்ன வயது இருக்கும் என்று எழுதினேன். அப்புறம்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

எனக்கு 31 வயது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் இருக்கிறோம். ஏழு ஆண்டுகள் ஆய்வுக்கூட வேலை பார்த்துவிட்டு, தாமதமாகத்தான் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். கல்லூரி தொடங்கும்போது மகளுக்கு 5 முடிந்திருக்கும், மகனுக்கு 1. கணவர் பிசியோதெரபிஸ்ட். என் அப்பா அம்மா வீடு காரில் பதினைந்து நிமிடம். அத்தை, அதாவது மாமியார், திருச்சியில் தனியாக இருக்கிறார். இந்த விவரமெல்லாம் எதற்கு என்றால், இந்த ஒப்பீட்டில் விடையை முடிவு செய்வது இவைதான். உங்கள் வீட்டில் இந்த விவரங்கள் வேறாக இருந்தால் விடையும் வேறாகும்.

கையில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில். இன்னொன்று டெக்சாஸ் அரசுக் கல்லூரி ஒன்றில். டெக்சாஸ் கல்லூரியில் படித்தால் இரண்டு வழி உண்டு: ராணுவ உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிக்கலாம், அல்லது கடன் வாங்கிப் படிக்கலாம். ஆக மூன்று கோடு.

ராணுவம் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'பட்டாளம்'. அம்மா வழியில் வேலூர்ப் பக்கத்துச் சொந்தம் எங்களுக்கு. அங்கே தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடு உண்டு. சின்னத் தாத்தா ஆண்டுக்கு ஒருமுறை பச்சை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். அவர் பிள்ளைகள் அவரை 'வந்துட்டுப் போறவர்' என்றுதான் சொல்வார்களாம். அம்மா இந்தக் கதையை இந்த ஆண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். ஏன் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியே எழாது. புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் சேருகிறவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, படிக்கும்போதும் செய்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவில் அப்படியில்லை. பெத்தெஸ்டாவில் என் நேர்காணல் நாளன்று எனக்கு வழி காட்டிய மாணவருக்கு இரட்டைக் குழந்தைகள்.

சரி, முதல் கோடு. அந்தக் கல்லூரியின் முழுப் பெயர் நீளமானது, எல்லோரும் யுஎஸ்யு என்பார்கள். 1972-இல் போட்ட சட்டம் ஒன்றில் பிறந்தது. லூசியானா காங்கிரஸ் உறுப்பினர் எட்வர்ட் ஹெபேர் அதற்காகப் பாடுபட்டதால் மருத்துவப் பள்ளிக்கு அவர் பெயர். முதல் அணி 1980-இல் படித்து வெளியே வந்தது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் வளாகத்திலேயே இருக்கிறது. சாலையைக் கடந்தால் தேசிய சுகாதார நிறுவனம். ஆண்டுக்குச் சுமார் 170 பேர். சேருகிற அன்றே நீங்கள் ராணுவ அதிகாரி: தரைப்படை, விமானப்படை என்றால் செகண்ட் லெப்டினன்ட், கடற்படை என்றால் என்சைன். வகுப்புக்குச் சீருடையில்தான் போக வேண்டும்.

கல்விக் கட்டணம் இல்லை என்பதோடு, படிப்பதற்குச் சம்பளமும் தருகிறார்கள். 2025 அட்டவணைப்படி தொடக்க நிலை அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் மாதம் 3,998 டாலர். உணவுப்படி 320 டாலர். அதோடு வீட்டுப்படி, குடும்பம் இருப்பவருக்குக் கூடுதலாக. இரண்டு படிகளுக்கும் வருமான வரி கிடையாது. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாராளமாகத் தாண்டும். மருத்துவ மாணவர் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருத்தி மூன்று ஆண்டு முன்பு வேறு கல்லூரியில் சேர்ந்தாள். டயபர் வாங்கக் கடன் அட்டை, அந்தக் கடன் அட்டையைக் கட்ட இன்னொரு கடன் அட்டை என்று அவள் வண்டி ஓடுகிறது.

சம்பளத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது டிரைகேர், அதாவது ராணுவக் குடும்பங்களின் மருத்துவக் காப்பீடு. பணியில் இருக்கும் அதிகாரியின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அது முழுமையாகக் கிடைக்கிறது. மகனைப் பெற்றபோது எங்களுக்கு வந்த பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. நடுவில் இன்னொரு பிள்ளை பிறந்தாலும் 2023 முதல் ராணுவத்தில் பெற்றோர் இருவருக்குமே 12 வாரச் சம்பள விடுப்பு. பெற்ற தாய்க்கு உடல் தேறும் விடுப்பு தனி. ஆனால் இதில் நிதானம் வேண்டும். விடுப்பு சட்டத்தில் இருக்கிறது, மருத்துவப் படிப்பின் கால அட்டவணை அதற்காகக் காத்திருக்காது. ஓர் அணி கீழே இறங்கிப் படிப்பைத் தொடர வேண்டி வரலாம்.

குழந்தைக் காப்பகம்? ராணுவ வளாகக் காப்பகங்களில் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், தரமும் நல்லது. வரிசைதான் நீளம். இடம் கிடைக்கும் என்று நம்பி அங்கே போய் இறங்காதீர்கள். கல்லூரிக்கு விடுதியும் கிடையாது. குடும்பங்கள் ராக்வில், கெய்தர்ஸ்பர்க், சில்வர் ஸ்பிரிங் பக்கம் வாடகைக்கு இருக்கின்றன. வாடகை எப்படி என்று வாஷிங்டன் வட்டாரத்தில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும்.

படிப்பைப் பற்றிக் குறையில்லை. முதல் ஒன்றரை ஆண்டு வகுப்பு, அப்புறம் நேராக மருத்துவமனை. துறை துறையாக மாறிச் செய்யும் பயிற்சிச் சுழற்சிகளில் சில வெளியூர் ராணுவ மருத்துவமனைகளில் விழும். நான்காம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப்பில் 'புஷ்மாஸ்டர்' என்ற களப்பயிற்சி. கூடாரம், செயற்கை ரத்தம், புகை, நடுஇரவில் 'காயம்பட்டவர்கள்'. சில நாள்தான். ஆனால் சேருவதற்கு முன்பே அதிகாரிப் பயிற்சி ஒன்று உண்டு. கடற்படைக்காரர்கள் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஐந்து வாரம் இருக்க வேண்டும். என் மகன் அப்போது தாய்ப்பால் மறக்காத பிள்ளை. இதை யாரிடம் கேட்டாலும் 'சமாளித்துவிடலாம்' என்றார்கள். சமாளிக்கலாம்தான். யார் சமாளிப்பது என்பதுதான் கேள்வி, அது என் அம்மா.

இத்தனையும் கொடுத்துவிட்டு யுஎஸ்யு கேட்பது ஏழு ஆண்டு ராணுவச் சேவை. பலர் இங்கேதான் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். படிக்கும் நான்கு ஆண்டு அந்த ஏழில் சேராது. ரெசிடென்சியும், அதாவது பட்டம் வாங்கிய பிறகு ஒரு துறையில் எடுக்கும் பயிற்சியும், சேராது. ரெசிடென்சி முடித்த பிறகுதான் ஏழு ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி படித்தால் கடப்பாடு கூடும். ஏழு முடிந்தும் சில ஆண்டுகள் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். 20 ஆண்டு ஓய்வூதியக் கணக்கிலும் படித்த நான்கு ஆண்டு தகுதிக் காலமாகாது. 20-ஐ வேலையில் முடித்தவருக்கு மட்டும் ஓய்வூதியத் தொகையைக் கணக்கிடும்போது அந்த நான்கும் வந்து சேரும்.

இரண்டாவது கோடு, உதவித்தொகை. எச்பிஎஸ்பி என்பார்கள். அதுவும் அதே 1972 சட்டத்தின் பிள்ளைதான். நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் முழுக் கட்டணம், புத்தகம், கருவிச் செலவு எல்லாம் ராணுவம் கட்டிவிடும். மாதம் 2,700 டாலருக்கு மேல் கைச்செலவுக்கு. ஆண்டுக்கு 45 நாள் பணிப் பயிற்சி, அந்த நாட்களுக்கு மட்டும் அதிகாரிச் சம்பளம். சேரும்போது 20,000 டாலர் போனஸும் உண்டு. நான்கு ஆண்டு உதவி வாங்கினால் நான்கு ஆண்டு சேவை, ரெசிடென்சி நீங்கலாக. மூன்று ஆண்டு உதவி என்றால் மூன்று.

ஏழுக்கு நான்கு என்றால் யாருக்கும் ஆசை வரும். பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கலாம், சீருடை போட வேண்டியதில்லை, மற்ற மாணவர்களைப் போலவே இருக்கலாம். ஆனால் குடும்பஸ்தர்கள் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த மாணவர் பணியில் இருப்பவராகக் கணக்கில் வருவதில்லை. அந்த 45 நாள் தவிர குடும்பத்துக்கு டிரைகேர் கிடையாது. 2,700 டாலரில் நான்கு பேர் வயிறு, வாடகை, காப்பீடு எல்லாம் நடக்காது. துணைவருக்கு வேலையும், வேலையோடு காப்பீடும் இருந்தால் மட்டுமே இது குடும்பத்துக்குச் சரிப்படும். தனி ஆளுக்கு எச்பிஎஸ்பி, ஒற்றைச் சம்பளமும் இல்லாத குடும்பத்துக்கு யுஎஸ்யு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்களைப் போல நடுவில் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி.

இன்னொன்றும் இருக்கிறது. எச்பிஎஸ்பி கேட்கும் விலை எல்லோருக்கும் ஒன்று, தரும் பொருள் ஒன்றல்ல. தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டும். அங்கே படிப்பவருக்கும் நான்கு ஆண்டு சேவைதான். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இந்த மாநிலத்துக்காரருக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 20,000. எனக்கும் அதே நான்கு ஆண்டு. மலிவான கல்லூரியில் இடம் கிடைத்தவர் இந்த உதவித்தொகையை வாங்கினால், தள்ளுபடிப் பொருளை முழு விலைக்கு வாங்கிய கதைதான்.

மூன்றாவது கோடு கடன். இதில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஆட்டத்தை மாற்றிவிட்டது. செலவு எவ்வளவோ அவ்வளவும் மத்திய அரசிடமே கடன் வாங்க உதவிய 'கிராட் பிளஸ்' திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு இல்லை. மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. தனியார் கல்லூரிக்குப் போகும் பெற்றோருக்கு இது பேரிடி. கட்டணத்துக்கே போதாது, மீதிக்குத் தனியார் வங்கியிடம் கையேந்த வேண்டும். இன்னும் சில ஆண்டுகளுக்கு ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குத் தொலைபேசியைக் கீழே வைக்க நேரமிருக்காது என்று நினைக்கிறேன். டெக்சாஸில் எனக்கு, கட்டணம் போக ஆண்டுக்கு 25,000 டாலராவது வீட்டுச் செலவுக்கு மிஞ்சும். அதோடு கணவர் சம்பளம். இறுக்கிப் பிடித்தால் ஓடும்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழான குடும்பங்களின் மாணவர்களுக்கு 2024 முதல் கட்டணத்தை ரத்து செய்துவிட்டது. 1,75,000-க்குக் கீழே என்றால் வாழ்க்கைச் செலவும் அவர்களுடையது. அங்கே இடம் கிடைத்தவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வயதுக் கணக்கு.

குழந்தை மருத்துவம்தான் படிக்க ஆசை. அதற்கு ரெசிடென்சி மூன்று ஆண்டு. மகள் வயதை எழுதினேன். படிப்பு முடியும்போது 9. ரெசிடென்சி முடியும்போது 12. யுஎஸ்யு என்றால் ஏழு ஆண்டு சேவை முடியும்போது 19. அவள் கல்லூரியில் இருப்பாள், தம்பிக்கு 15. எச்பிஎஸ்பி என்றால் மகளுக்கு 16-இல் முடிந்துவிடும்.

கடன் கோட்டில் 12 என்று எழுதிவிட்டு 'அப்பாடா' என்று பேனாவை வைத்தேன். கணவர்தான் எட்டிப் பார்த்து, "கடனை யார் கட்டுவா?" என்றார். சரிதான். 2 லட்சம் டாலர் கடனைப் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி வழியாக முடிக்கலாம் என்பது திட்டம். அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வருமானத்துக்கு ஏற்ப 120 மாதத் தவணை கட்டினால், மீதிக் கடன் தள்ளுபடி. ரெசிடென்சி மாதங்களும் இந்த 120-இல் சேரும். புதிய திருப்பிச் செலுத்தும் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 50 டாலர் கழிவும் உண்டு. குழந்தைகள் மருத்துவமனைகள் பெரும்பாலும் லாபநோக்கற்றவை என்பதால் எனக்குப் பொருந்தும். 120 மாதம் என்பது பத்து ஆண்டு. ரெசிடென்சி மூன்று, அதன் பிறகு ஏழு. மகளுக்கு 19.

மூன்று கூட்டல் ஏழு, இரண்டு கோட்டிலும்! ராணுவமும் ஏழு ஆண்டு கேட்கிறது, கடனும் ஏழு ஆண்டு கேட்கிறது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'கடன் வாங்கினால் சுதந்திரம், ராணுவம் என்றால் அடிமை' என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டு ஏழும் ஒரே ஏழு இல்லை. கடன் ஏழில் வேலை பிடிக்கவில்லை என்றால் வேறு மருத்துவமனைக்குப் போகலாம், தவணை எண்ணிக்கை கூடவே வரும். ஓர் ஆண்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் எண்ணிக்கை நிற்கும், அழியாது. ராணுவ ஏழில் எந்த ஊர், எப்போது மாற்றம், எப்போது வெளிநாட்டுப் பணி என்பதை நான் விருப்பப்பட்டியலில் எழுதித் தரலாம். முடிவு அவர்களுடையது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்றால், 12 முதல் 19 வரை மகள் மூன்று பள்ளிகள் பார்ப்பாள். அந்த வயதில் பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவைவிடத் தோழிகள்தான் உலகம். 5 வயதுப் பிள்ளையை ஹூஸ்டனிலிருந்து மேரிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போவது எளிது, பொம்மையைப் பெட்டியில் வைத்தால் போதும். 15 வயதில் அப்படி முடியாது. ராணுவம் நன்றாகக் கொடுப்பது பிள்ளை சின்னதாக இருக்கும் நான்கு ஆண்டுகளில். விலை கேட்பது பிள்ளை வளர்ந்த பிறகு. மாணவர்களாக இருக்கும் பெற்றோரிடம் மட்டும் பேசினால் இந்த வழி சொர்க்கமாகத் தெரிவது இதனால்தான். சேவைக் காலத்தின் நடுவில் இருப்பவர்களிடமும் பேச வேண்டும்.

ரெசிடென்சிக்கு ராணுவத்துக்கென்று தனித் தேர்வு, டிசம்பரிலேயே முடிவு வந்துவிடும். குழந்தை மருத்துவத்துக்கு சான் அன்டோனியோ, சான் டியேகோ, வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத், ஹோனலூலு என்று இடங்கள் உண்டு. சான் அன்டோனியோ கிடைத்தால் அம்மா வீட்டுக்கு மூன்று மணி நேரம். ஹோனலூலு கிடைத்தால்? கடற்கரை அழகாக இருக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இருக்காது. பயிற்சி மருத்துவரான பிறகு சம்பளம் வெளியுலக ரெசிடென்டைவிட நன்றாகவே கூடுதல். அந்த மூன்று ஆண்டும் ராணுவத்துக்கே சாதகம். அதன் பின் துறையைப் பொறுத்தது. குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் என்றால் வெளியே கிடைப்பதற்கும் ராணுவச் சம்பளத்துக்கும் பெரிய தூரமில்லை. எலும்பு, இதயம் என்று போகிறவர்கள் வெளியே இரண்டு மடங்குக்கு மேலும் சம்பாதிப்பார்கள். ராணுவ மருத்துவமனைகளில் சிக்கலான அறுவைச் சிகிச்சைகள் போதிய எண்ணிக்கையில் வருவதில்லை, கை பழகாமல் போகிறது என்ற குறையும் வெகுநாளாகப் பேசப்படுகிறது. கத்தி பிடிக்க ஆசைப்படுபவர் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

கணவர் வேலை. பிசியோதெரபி உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ராணுவத் துணைவர்களின் தொழில் உரிமத்தைப் புதிய மாநிலம் ஏற்க வேண்டும் என்று 2023-இல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. உரிமம் மாறும், சரி. பத்து ஆண்டில் மூன்று முறை முதல் படியிலிருந்து ஏறும் மனிதரை எந்தச் சட்டமும் மேலாளர் ஆக்காது. அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. "நீ போற இடத்துக்கு நான் வரேன், ஆனா ஒவ்வொரு ஊர்லயும் நான்தான் புதுசு" என்று மட்டும் சொன்னார்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவராகவோ, துணைவரும் ராணுவத்தில் இருப்பவராகவோ இருந்தால், திடீரென்று பணிக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று குடும்பப் பராமரிப்புத் திட்டம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சும்மா படிவம் அல்ல, பெயர் போட்ட ஆள் நிஜமாகவே வந்தாக வேண்டும். பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருந்தால் அதற்கென்று ஒரு பதிவு கட்டாயம். உரிய சிகிச்சை இல்லாத ஊருக்குக் குடும்பத்தை அனுப்பாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் உடல்நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 13 வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால்கூடத் தகுதி இழப்பு, விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டும். குடியுரிமையும் கட்டாயம், கிரீன் கார்டு போதாது.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம், ஆள்சேர்ப்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ, அதாவது இந்திய வம்சாவளியினருக்கான வாழ்நாள் விசா அட்டை, பெறத் தகுதியில்லை. இது இந்திய உள்துறையின் விதி. ராணுவ மருத்துவரும் ராணுவத்தவர்தான். நான் குடியுரிமை வாங்கியதிலிருந்து ஓசிஐக்கு விண்ணப்பிக்காமல் சோம்பலில் விட்டிருந்தேன், விசாவில்தான் போய் வருகிறோம். அதிகாரியாகிவிட்டால் அந்தக் கதவு மூடியதுதான். அதுமட்டுமில்லை, வெளிநாடு போக விடுப்பு தனி, அனுமதி தனி. அத்தைக்கு 71 வயது. போன ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணவர் அன்று இரவே விமானம் ஏறினார், நான் மறுநாள் பிள்ளைகளோடு போனேன். சீருடையில் இருந்தால் நான் அப்படிக் கிளம்பியிருக்க முடியாது. அமெரிக்காவிலேயே பிறந்து, ஊரில் யாரும் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு பூஜ்யம். எனக்கு அது பூஜ்யமல்ல.

எனக்கு மிகவும் பயன்பட்ட யோசனை, அம்மா வீட்டுக்கு வரும் ஒரு மாமாவிடமிருந்து வந்தது. விமானப்படையில் பல் மருத்துவராக இருந்து வெளியே வந்தவர். "இப்ப சேரலைன்னா எப்பவும் சேர முடியாதுன்னு யாரு சொன்னது?" என்றார். விசாரித்தேன். ரெசிடென்சி காலத்தில் சேருபவர்களுக்கு ராணுவம் ஆண்டுக்கு 45,000 டாலர் மானியமும் மாதப்படியும் தருகிறது. வாங்கிய ஆண்டுகளோடு ஓர் ஆண்டு கூட்டிச் சேவை. முழுப் பயிற்சி முடித்த மருத்துவராகவும் நேரடியாகச் சேரலாம். அதாவது இந்தக் கதவு ஒரு பக்கம்தான் இறுக்கமானது. பின்னால் உள்ளே போகலாம், முன்னாலேயே வெளியே வர முடியாது. 31 வயதில் 19 வயது வரையான மகளின் ஆண்டுகளைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதைவிட, 36-இல் அவளுக்கு எந்த ஊர், எந்தப் பள்ளி என்று பார்த்துப் போடுவது எனக்கு எளிதாகப் பட்டது. வயது வரம்பு உண்டு, ஆனால் மருத்துவர்களுக்கு விதிவிலக்கு கிடைப்பது அரிதல்ல.

ஆகவே நான் டெக்சாஸ், கடன். மலிவான கட்டணம், கணவருக்கு வேலையும் காப்பீடும், பதினைந்து நிமிடத்தில் அம்மா. இந்த மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் பெத்தெஸ்டாவுக்குப் போயிருப்பேன். தனியார் கல்லூரி மட்டுமே கிடைத்து, துணைவர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், 2025 சட்டத்துக்குப் பிறகு யுஎஸ்யுவுக்கு நிகரான இடம் வேறில்லை என்றே சொல்வேன். தனியார் கல்லூரி, ஆனால் துணைவருக்கு நல்ல வேலை, தாத்தா பாட்டியும் அதே ஊரில் என்றால் எச்பிஎஸ்பி. ராணுவ வாழ்க்கையே பிடித்தவர், பணம் இல்லாவிட்டாலும் சேர்ந்திருப்பவர், இந்தக் கணக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நேர்காணலில் சந்தித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் இருந்த வெளிச்சம் என் கண்ணில் இல்லை என்பதை எனக்கு முன்னே என் கணவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஏப்ரல் கடைசிக்குள் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். பெத்தெஸ்டா இடத்தை விட்டுக்கொடுக்கும் மின்னஞ்சலை மூன்று முறை திருத்தி, இரவு பதினொன்றரைக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளமும் போட்டு வைத்தியமும் இலவசமாப் பாக்கறாங்கன்னு சொன்னியே, நல்லா யோசிச்சியாடி?" என்றார்.